உயிரோடு இருப்பவருக்கு ஒரு மாலை

அன்று தோட்டத்து மண்டபத்தில் இருந்தவர்கள்: வெளிநாட்டு விருந்தாளிகள் மூன்று பேர், கிராணி சேவியர், விருந்தினர் பங்களாவில் சமைக்கும் பூங்காவனம் அக்கா, அவருடைய பஜனைக் கோஷ்டிப் பெண்கள், லயத்து ஆட்கள் சிலர், அரை நாள் லீவு என்றதும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்த வங்காளதேசத் தொழிலாளிகள், பிறகு நான். இல்லாதவர்கள்: கோலாலம்பூருக்கு மீட்டிங் போயிருந்த துரை, சுவரில் படமாக மாட்டியிருந்த தலைவர்கள் இருவர். அந்த இருவரில் அப்பா இறந்துபோனதால் வரவில்லை. மகன் உயிரோடு, நல்ல ஆரோக்கியத்தோடு, தன் நாட்டிலேயே இருந்ததால் வரவில்லை. இந்த இரண்டாவது விவரம் எனக்குத் தெரியாமல் போயிற்று. துக்கக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவன் நான்.

அது எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. செய்தி பார்க்கிறவர்கள் ஊகித்துவிடுவீர்கள். ஊகித்துக்கொண்டு சும்மா இருங்கள், போதும். அந்த மூவரில் ஒருவருக்கு அங்கே மனைவியும் சின்ன மகளும் இருக்கிறார்கள்.

நான் வால்பாறைக்காரன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், அதாவது லயத்தில் பிறந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் முடித்து, அதற்கு மேல் இன்ஜினியரிங்கும் படித்தவன். சந்திக்கிற எல்லோரிடமும் பத்து நிமிஷத்துக்குள் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்; உங்களிடமும் சொல்லியாயிற்று. கோயம்புத்தூரில் தேயிலை உருட்டும் இயந்திரம் செய்கிற கம்பெனியில் வேலை. மலேசியாவில் கேமரன் மலையில் ஒரு தோட்டத்துக்கு விற்ற இயந்திரம் சத்தம் போடுகிறது என்று புகார் வந்தது. தமிழ் பேசுகிற இடம்தானே, இவனே போகட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பழகியவன் நான் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மலாய் அம்மாளிடம் கை ஜாடையால் விளக்கிக்கொண்டு வந்தேன். பாதி மலை ஏறுமுன்பே அவருடைய பிளாஸ்டிக் பையை வாங்கி வாந்தி எடுத்தேன். அவர் உப்பில் ஊறிய ஏதோ ஒரு புளிப்புப் பழத்தை என் வாயில் திணித்து, மிச்ச வழி முழுக்க என் முதுகைத் தடவிக்கொண்டு வந்தார். வால்பாறையின் மானம் அத்தோடு போயிற்று.

தானா ராத்தாவில் இறங்கி ஒரு தமிழ்க் கடைக்குள் போனேன். காலை நேரம். கடைக்காரர் மேசையைத் துடைத்தபடி, "பசியாறியாச்சா? தண்ணி என்னா?" என்றார். முகம் சிவந்துவிட்டது. "நான் அதெல்லாம் தொடறதில்லைங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டீ கூடவா தொட மாட்டீங்க?" என்றார். அங்கே தண்ணி என்றால் டீ, காப்பி, எல்லாமும். எங்கள் ஊரில் தண்ணி என்றால் ஒன்றே ஒன்று. இதே தமிழை நம்பித்தான் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது.

ரொட்டி சானாயும் டீயும் முடிவதற்குள் கிராணி சேவியர் வந்துவிட்டார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்கர். ஐம்பது வயது, கழுத்தில் சிலுவை, வாயில் எப்போதும் ஒரு கிண்டல். பிக்கப் வண்டியில் போகும்போதே நான் என் படிப்பு விவரத்தைச் சொல்லிவிட்டேன். "நல்லது லா தம்பி," என்றார். "பங்களால ஏற்கெனவே மூணு பெரிய மனுஷங்க இருக்காங்க. நீங்க நாலாவது. அக்காவுக்குத்தான் சமையல் ஜாஸ்தி."

மலை எங்கள் மலை மாதிரிதான். அதே பச்சை, அதே பனி, அதே வழுக்கல். ஆனால் கொழுந்து எடுக்கிற பெண்கள் கண்ணில் படவில்லை. இரண்டிரண்டு இளைஞர்கள் ஆளுக்கொரு பக்கம் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்கு முடிவெட்டிக்கொண்டு போனார்கள். பேச்சு வங்காளி. எங்கள் பக்கம் தோட்டத்துக்குள் சிறுத்தை வரும். இங்கே சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். சிறுத்தையே தேவலை என்றார் சேவியர், அதுவாவது செல்ஃபி எடுக்காது.

பங்களாவின் முன் அறையில் காலண்டர், மான் தலை, பழைய துரையின் படம் எல்லாவற்றையும் கழற்றிக் கீழே வைத்திருந்தார்கள். வெறும் சுவரில் இரண்டு படங்கள். அப்பாவும் மகனும். ஒரே தலைவாரல், ஒரே சிரிப்பு. எதிரே மூன்று பேர் வரிசையாக நின்று இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்தார்கள். அவர்கள் நாட்டில் புதிதாகத் தேயிலை போடுகிறார்களாம். கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள். வயதானவர் அதிகாரி. அவரை லயத்தில் 'பெரியவர்' என்றார்கள். என் வயதுக்காரர் மொழிபெயர்ப்பாளர். நல்ல ஆங்கிலம் பேசுவார். மூன்றாவது ஆள் கழுத்தில் கேமரா. யாரோடும் பேசமாட்டார். எல்லாவற்றையும் படம் எடுப்பார். மற்ற இருவரும் அவர் பக்கம் திரும்பாமலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆளுக்கொரு அறை கொடுத்தும் மூவரும் ஒரே அறையில்தான் தூங்கினார்கள். பூங்காவனம் அக்கா இதை என்னிடம் பெரிய அதிசயமாகச் சொன்னார். "ஒருத்தர ஒருத்தர் விட்டுப் பிரியாத பாசம் போல" என்றார்.

இரவுச் சாப்பாட்டில் நான் சேவியரிடம் மெதுவாகச் சொன்னேன்: "படத்துக்குப் போய் இப்படிக் குனிவாங்களா அண்ணே? படிப்பறிவு வேணும்." அக்காவிடம் சாப்பாட்டுக் காசு கொடுக்க என் பர்ஸைத் திறந்தேன். எங்கள் ஊர்த் தலைவர் ஒருவரின் படம் உள்ளே இருக்கும். அப்பா கொடுத்தது. பர்ஸைத் திறக்கும்போதெல்லாம் விரலால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன், பழக்கம். ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். சேவியர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "ஆமா லா, படிப்பறிவு வேணும்" என்றார்.

மறுநாள் இயந்திரத்தைப் பார்த்தேன். ஒரு நட்டு தளர்ந்திருந்தது. முறுக்கியதும் சத்தம் நின்றுவிட்டது. இதற்காகக் கடல் தாண்டி வந்தேன் என்று தெரிந்தால் மரியாதை இல்லையே என்று மதியம் வரை ஆங்காங்கே எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

மாலையில் பிரிஞ்சாங் சந்தைக்கு எல்லோரையும் சேவியர் கூட்டிப்போனார். ஸ்ட்ராபெரி வடிவத்தில் தொப்பி, குடை, செருப்பு, தலையணை. அவித்த சோளத்தைக் கடித்தபடி மொழிபெயர்ப்பாளர் என்னோடு நடந்தார். கேமராக்காரர் பத்தடி பின்னால்.

"உன் அப்பா கொழுந்து பறிப்பவர் என்றாயே. உன்னை இன்ஜினியராக்கியது யார்?" என்று கேட்டார்.

"நானேதான். பரீட்சை எழுதினேன்."

"பரீட்சை எழுதச் சொன்னது யார்?"

"யாரும் சொல்லவில்லை."

"பயமாக இல்லையா?" என்றார். பிறகு ஸ்ட்ராபெரி சாவிக்கொத்து ஒன்றை எடுத்து, மகளுக்கு ஐந்து வயது, இதை வாயில் போட்டுவிடுவாளோ என்று கேட்டார். போடமாட்டாள் என்றேன். எனக்குப் பிள்ளை இல்லை; இருந்தும் எதற்கும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

திரும்பும் வழியில்தான் அவர் விஷயத்துக்கு வந்தார். வரும் சனிக்கிழமை அவர்களுடைய மகா தலைவர் மறைந்த நாள். அவர்கள் நாட்டில் ஊரே தெருவில் நின்று அழும். இங்கே மூன்று பேர் மட்டும் அழுதால் படத்தில் சிறுத்துத் தெரியும். பெரியவருக்குக் கவலை. தோட்டத்து ஆட்கள் கொஞ்சம் பேர் வந்து நிற்க முடியுமா?

சேவியர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "அழ ஆள் வேணுமாம் தம்பி. கூலி என்னான்னு கேளு" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த வித்தையில் எங்களை அடிக்க உலகத்தில் ஆள் உண்டா? எங்கள் தலைவர் இறந்தபோது அப்பா மொட்டை போட்டவர். லயம் முழுக்க அடுப்பு பற்ற வைக்கவில்லை. கட் அவுட், மௌன ஊர்வலம், சுவர் முழுக்கப் போஸ்டர், எல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். "எல்லாத்தையும் என்கிட்ட விடுங்க" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. பங்களாவுக்கு வந்ததும் மகனுடைய படத்தைக் காட்டி மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன்: "இவரும்...?" மரியாதைக்காக வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவர் முதுகை நிமிர்த்தினார். கேமராக்காரர் பக்கத்தில் இருந்தார். "இவரும் எங்கள் இதயங்களில் என்றென்றும் வாழ்கிறார். எங்களை வழிநடத்தும் ஒளி அவர்" என்றார்.

எனக்குத் தெளிவாகிவிட்டது. எங்கள் ஊர்ச் சுவரில் ஒருவரைப் பற்றி 'எங்கள் இதயங்களில் என்றென்றும் வாழும்' என்று எழுதியிருந்தால், அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் முடிந்துவிட்டது என்று அர்த்தம். உயிரோடு இருப்பவரைப் போய் யாராவது நெஞ்சில் வாழ்கிறார் என்பார்களா? அவர் பாட்டுக்கு வீட்டில் வாழ்வாரே. நான் பேப்பரில் படிப்பது கிரிக்கெட்டும் உள்ளூர்ச் செய்தியும். அந்தக் குடும்பத்தில் யார் இருக்கிறார், யார் போனார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"ரெண்டு பேருமே போயிட்டாங்களா!" என்று வாயில் கை வைத்தார் பூங்காவனம் அக்கா. "அடப் பாவமே, அப்பனும் மவனுமா?"

"அப்ப நாட்ட இப்ப யாரு பாக்கிறா?" என்றார் சேவியர்.

"பேரன் இருப்பாரு" என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அலைந்தேன். தானா ராத்தா கோயில் பக்கத்தில் பூக்கட்டும் அம்மாளிடம் மஞ்சள் செவ்வந்தியில் இரண்டு பெரிய மாலை சொன்னேன். மாலை ஒன்று இருபத்தைந்து வெள்ளி என்றார். வெள்ளிக்கிழமைக்கும் மாலைக்கும் என்ன கணக்கு என்று கொஞ்சம் முழித்தேன். இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். பிறகு ஃபிளெக்ஸ். இரண்டு தலைவர்களின் படமும் போட்டு, மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'எங்கள் இதயங்களில் என்றென்றும் வாழும் எங்கள் ஒளியே' என்று வாசகம். சொந்த இயற்றல். அச்சுக்கடைப் பையன் ஒரு எழுத்துப் பிழைகூட விடாமல் பார்த்துக்கொண்டேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரு எழுத்தாவது பிழையாக விழுந்திருந்தால் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

சனிக்கிழமை காலை நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனோம். இரண்டு படங்களையும் பஞ்சு வைத்த பெட்டியில் வைத்துக் குழந்தை மாதிரி தூக்கி வந்தார்கள். சுவரில் மாட்டினார்கள். அவர்கள் பின்னால் நகர்ந்து வரிசையாக நின்று, கண்ணை மூடி, தலை குனிந்தார்கள். அந்த நேரம் பார்த்து அக்காவும் நானும் முன்னால் போய் இரண்டு படத்துக்கும் மாலை போட்டோம். குங்குமம் வைத்தோம். ஆளுக்கொரு விளக்கு. தேங்காய், சாம்பிராணி. பின்னால் வந்து பார்த்தேன். எவ்வளவு லட்சணமாக இருந்தது தெரியுமா? அப்படியே எங்கள் ஊர்.

அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். நான்கு பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாகச் சேர்ந்தார்கள்.

"குளிருக்குப் போர்வ தந்த கோமானே, நாங்க
கூரையில நின்னு கூப்பிடக் கேக்கலையோ!
அளந்து அரிசி போட்ட ராசாவே, நாங்க
வரிசையில நிக்கையில போனீயே!"

வங்காளதேசத் தம்பிகள் முதுகை நேராக்கினார்கள். பெரியவரின் தோள் குலுங்கத் தொடங்கியது. கேமராக்காரர் வீடியோ எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் குறிப்பேட்டோடு என் பக்கத்தில் வந்து, "என்ன பாடுகிறார்கள்?" என்று கிசுகிசுத்தார். அரிசியையும் போர்வையையும் சொன்னேன். மிகவும் பொருத்தம் என்று தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அக்கா அடுத்த வரிக்குப் போனார்: "அப்பன் தனியாப் போவாருன்னு, தொணைக்கு மவனும் போனீயே!"

"தந்தை தனியாகப் போகக் கூடாது என்று மகனும் துணைக்குப் போய்விட்டார்" என்றேன் ஆங்கிலத்தில். நயமாக வந்திருப்பதாக எனக்கே பட்டது.

பேனா நின்றது. "மகன் எங்கே போனார்?"

"தந்தையோடு."

"எப்போது?"

"அதை நீங்கள்தானே சொல்ல வேண்டும்?"

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். "அந்தப் பூ வளையத்துக்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம்?" என்றார். சொன்னேன். அவர் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது.

"அவர் உயிரோடு இருக்கிறார்," என்றார். "போன வாரம் மீன் தொழிற்சாலையைப் பார்வையிட்டார்."



"கழற்றிவிடுகிறேன்" என்று எழுந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் ஐஸ். "தொடாதே. அவர் மேல் இருப்பதைப் பிடுங்கி எடுப்பதைக் கேமரா பார்த்தால், அது இன்னும் பெரிய குற்றம். வெளி ஆட்களிடம் பேசுகிற பொறுப்பு முழுக்க என்னுடையது. இங்கே நடக்கிற தப்பு எல்லாம் நான் பேசியதால் வந்தது என்றுதான் ஆகும்." பிறகு ஃபிளெக்ஸைக் காட்டி, "அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றார். பொய் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னேன்.

"அந்த எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்களா?"

தமிழின் பரப்பைப் பற்றிப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் எங்கள் மொழி சின்னதாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

சேவியரை வாசலுக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே பயமாக இருந்தது. "எங்க மாதா கோயில்ல படத்துக்கு மாலை போட்டா புனிதர்னு அர்த்தம் தம்பி. உசுரோட இருக்கிற ஆளுக்குப் படத்துல போடமாட்டோம், கழுத்துல போடுவோம்." சட்டென்று, "எல்லாரு கழுத்துலயும் போட்டுட்டா?" என்றார்.

"என்ன அண்ணே?"

"மண்டபத்துல இருக்கிற அத்தன பேருக்கும் மாலை. பெரியவரு, வங்காளிப் பசங்க, அக்கா, எல்லாம். அப்புறம் எவன் கேட்டாலும், மாலைன்னா இங்க மரியாதை, அவ்ளோதான்."

பிக்கப் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் அழுகைய நிறுத்தாதீங்க!" என்று கத்தினார்.

சனிக்கிழமை. மலைக்குக் கீழே இருக்கிற நாடு முழுக்க ஸ்ட்ராபெரி பிடுங்க மேலே ஏறி வருகிற நாள். சிறிது நேரத்தில் போன் வந்தது. "தம்பி, ரோட்ட முழுக்க காடியப் போட்டு அடைச்சிட்டானுங்க லா! நான் இறங்கி நடக்கிறேன்." காடி என்றால் அங்கே கார்.

உள்ளே அக்காவுக்குப் பாட்டுத் தீர்ந்துகொண்டிருந்தது. தலைவர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததே, மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டு நான் சொல்லியிருந்த அரிசியும் போர்வையும்தான். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையைச் சுழற்றி, இன்னும் இன்னும் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து வந்தது தலைவர் இல்லை. லாரியில் போய்த் திரும்பாத புருஷன். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு இறங்கிய ராத்திரி, அடையாளம் தெரியாமல் போன தங்கச்சி வீடு. "கதவு எங்கடி, வாசல் எங்கடி, கண்ணு மூக்கெல்லாம் மண்ணாச்சே." மற்றப் பெண்கள் அதுவரை விரலால் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தவர்கள்; இப்போது விரலை எடுத்துவிட்டார்கள். ஒரு வங்காளதேசத் தம்பிக்கு மொழி புரியாது. அவனும் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

மொழிபெயர்ப்பாளர் மண்டியிட்டுவிட்டார். இரண்டு கையையும் தரையில் ஊன்றி அழுதார். எச்சில் ஒழுக, மூக்கு ஒழுக, சத்தமே வராமல். கேமராக்காரர் கிட்டே போய், குனிந்து, அவர் முகத்தை வெகுநேரம் எடுத்தார். பெரியவர் அவர் தோளில் கை வைத்தார், மெச்சிக்கொள்கிற மாதிரி. அந்த மண்டபத்திலேயே தலைவருக்காக மிக உருக்கமாக அழுதவர் அவர்தான் என்று அந்த வீடியோவைப் பார்க்கிற யாரும் சொல்வார்கள். அவர் யாருக்காக அழுதார் என்று எனக்குத் தெரியும். ஐந்து வயது.

சேவியர் வந்தார். பூக்காரம்மா கடையில் ஒரு கல்யாணத்துக்குக் கட்டி வைத்திருந்த சின்ன மாலை அத்தனையும் வாங்கி இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு, நடந்தும் யாரோ ஒரு சீனரின் கோஸ் லாரியில் தொற்றியும் வந்திருந்தார். வேர்த்து, மூச்சிரைத்து, பார்க்க மாப்பிள்ளை ஓடிவந்த மாதிரி இருந்தார்.

முதல் மாலை பெரியவருக்கு. அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். மொழிபெயர்ப்பாளர் எழுந்து, முகத்தைத் துடைத்து, நடுங்காத குரலில் அவர்கள் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். பிறகு எனக்கு ஆங்கிலத்தில்: "இது இந்த மலையின் வழக்கம் என்று சொன்னேன். தலைவருக்குச் சூட்டிய அதே பூவை வாழும் மக்களுக்கும் சூட்டுகிறார்கள் என்று." பெரியவர் கழுத்தை நீட்டினார். வங்காளதேசத் தம்பிகள் வரிசையில் முண்டியடித்தார்கள். "கல்யாணம் யாருக்கு?" என்று ஒருவன் மலாயில் கேட்டான். பெண்கள் அழுத கண்ணோடு சிரித்தார்கள். கேமராக்காரர் கழுத்தில் நானே போட்டேன். கேமராவின் வாரில் சிக்கிக்கொண்டது. அவர் பொறுமையாக எடுத்துவிட்டுக்கொண்டார்.

கடைசி மாலையை ஃபிளெக்ஸின் மேல் 'கண்ணீர்' மறைகிற மாதிரி குறுக்கே மாட்டினேன். 'அஞ்சலி' மட்டும் நின்றது. அகராதிப்படி அஞ்சலி என்றால் கூப்பிய கை, உயிரோடு இருப்பவரையும் கும்பிடலாம் என்று மொழிபெயர்ப்பாளரிடம் வாதம் செய்தேன். "யாரு அந்த அஞ்சலி?" என்றார் சேவியர். "பொண்ணோட சடங்குக்கு பேனர் வச்ச மாதிரி இருக்கு லா."

எனக்கு மாலை இல்லாமல் போயிற்று. மொழிபெயர்ப்பாளர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இங்கே உயிரோடு இல்லாதவன் நீ மட்டும்தான்" என்றார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் பாதி.

மதியம் கோழிக் கறியும் சொதியும். பெரியவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். அக்கா குரல் கட்டிப்போய், ஜாடையாலேயே பரிமாறினார். சாப்பாடு முடிந்ததும் அந்த ஃபிளெக்ஸைச் சுட்டிக்காட்டி, கீச்சுக் குரலில் என்னிடம் கேட்டார்: "தம்பி, அது சும்மாதானே கெடக்கு? என் கோழிக்கூட்டுக்குக் கூரை ஒழுகுது." நான் வேகமாகத் தலையாட்டித் தடுத்தேன். தலைவர்களின் முகம் இருக்கிற எதையும் மடிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது. கோழிக்கு மேலே வைக்கலாமா என்று மொழிபெயர்ப்பாளரிடம் நான் கேட்கவேயில்லை. கேமராக்காரர் தாமாக எழுந்து போய், முகங்கள் உள்பக்கம் வரும்படி அதைச் சுருட்டி, கயிறு கட்டி, தங்கள் அறைக்கு எடுத்துப் போனார். மொழிபெயர்ப்பாளர் தட்டைத் தள்ளி வைத்தார். எழுத்தும் போயிற்று, வீடியோவும் போயிற்று. இரண்டும் அந்த ஆளிடம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பும் நாள். மொழிபெயர்ப்பாளர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வண்டிக்குப் பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. நான் பங்களா வாசலில் நின்று, எந்த நாட்டு மொழியிலும் சொல்ல முடியாத ஒரு மன்னிப்பை வாய்க்குள் கட்டிக்கொண்டிருந்தேன்.

பெரியவர் செலவைத் தீர்த்துவிட்டுத்தான் போவேன் என்றார். வெளி ஆட்களிடம் கடன் வைக்கக் கூடாதாம். காசுப் பை கேமராக்காரரிடம் இருந்தது. அவர் வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். மொழிபெயர்ப்பாளர் அவருக்குப் பின்னால் நின்றார். "மாலை எத்தனை என்று கேட்கிறார்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"முதலில் இரண்டு. அப்புறம் ஒரு இருபது..." என்று ஆரம்பித்தேன்.

கேமராக்காரர் ஒரு விரலை உயர்த்தினார். அவர் வாய் திறந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. நல்ல, கொஞ்சம் துருப்பிடித்த ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் டெல்லியில் மூன்று வருடம் இருந்தேன். வீடுகளுக்குள் போயிருக்கிறேன். இறந்தவர்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன்." விரல் இறங்கவில்லை. "இங்கே ஒரே ஒரு படத்துக்குத்தான் மாலை போட்டீர்கள். நான் எடுத்ததில் அப்படித்தான் இருக்கிறது. ஒன்று."

பெரியவர் என்ன என்று கேட்பதுபோல் மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினார். வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக இருக்க வேண்டும், அவர் எதையும் மொழிபெயர்க்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சு விட்டார். அந்த மூச்சு எனக்குக் கேட்டது.

கேமராக்காரர் இருபத்தைந்து வெள்ளியை எண்ணி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். மீதி, அதாவது நாங்கள் போடாத மாலை ஒன்று, மக்களுக்குச் சூட்டிய மாலைகள், யாரும் எழுதாத ஃபிளெக்ஸ், தேங்காய், சாம்பிராணி எல்லாம் சேர்த்து, நானும் சேவியரும் பாதிப் பாதியாகப் போட்டுக் கட்டியது நானூற்று இருபத்தைந்து வெள்ளி.